எவடம் என்று கேட்ட பிறகு பார்த்த படம்

போன கிழமை உங்கள் எலும்பு வைத்தியர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசைக் கதிரையில் இருத்தினீர்கள். நல்ல மரியாதை. தேத்தண்ணியிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் இடுப்பு எக்ஸ்ரே திரையில் விழுந்த உடனே, பின்வரிசையில் இருந்து உங்களில் ஒருவர் கேட்டாரே, "ஆள் எவடம்?" என்று, அந்த இடத்தில் எனக்கு விசர் ஏறிவிட்டது.

கேட்டவரை விடுங்கள். படம் காட்டியவரும் ஏதோ வயதைச் சொல்வதுபோல ஊரின் பெயரைச் சொன்னார். மற்ற எல்லோரும் தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் கையை உயர்த்தி, இது இரண்டாம் வகுப்பு, இது மூன்றாம் வகுப்பு என்று சொல்லத் தொடங்கினீர்கள். எழும்பிக் கத்தியிருப்பேன். சீனியும் பிறசரும் உள்ள ஆள், ஒரு ஆசுபத்திரி மண்டபத்தில் விழுந்து உங்களுக்கு வேலை வைக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. "நான் ஊத்தித் தாற தேத்தண்ணியையும் மணந்து பாத்துத்தான் குடிக்கிற மனுசன்" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். உண்மைதான். எலும்பு வைத்தியத்தில் என்னை இத்தனை வருடம் காப்பாற்றியது கையின் திறமை அல்ல, இந்தக் குணம்தான். ஆனால் சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று தெரிய எனக்கு நிறையக் காலம் எடுத்தது.

இந்த இடுப்பு வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டுக்காரரும் வாசிப்பார்கள், அவர்களுக்காக நாலு வரி. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அது உருளும். சில பிள்ளைகளுக்கு அந்தப் பந்துக்குப் போகும் இரத்தம் கொஞ்சக் காலம் நின்றுவிடும். ஏன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பந்து வலுவிழந்து நொறுங்கும். பிறகு இரத்தம் திரும்பி வந்து, புது எலும்பு வளரும். உருண்டையாக வளர்ந்தால் பிள்ளை ஓடும். சப்பையாக வளர்ந்தால், உழைக்கிற வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

எப்படி வளரும் என்று முன்கூட்டிச் சொல்ல, பந்தின் வெளிப்பக்கம் எவ்வளவு உயரம் மிஞ்சியிருக்கிறது என்று படத்தில் பார்ப்போம். குறையாமல் நின்றால் முதலாம் வகுப்பு. பாதிக்கு மேல் நின்றால் இரண்டு. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மூன்று. எட்டு வயது கடந்து வருத்தம் தொடங்கிய பிள்ளைக்கு, இரண்டு என்றால் வெட்டித் திருத்துவோம், பலன் இருக்கும். மூன்று என்றால் வெட்டியும் பெரிய பலன் இல்லை என்று உடற்பயிற்சி சொல்லி அனுப்பிவிடுவோம். அன்றைக்கு எங்கள் வழக்கம் அதுதான். ஆகவே பாதிக்குச் சற்று மேலா, சற்றுக் கீழா என்பதில் ஒரு பிள்ளையின் மிச்சக் காலம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். நான் மாதம் ஒருமுறை மன்னாரில் கிளினிக் வைப்பேன். பாலத்தைக் கடந்து தீவுக்குள் போகும்போதே காற்றில் கருவாட்டு வாசம் வரும், நான் வாகனக் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். கிளினிக் வாசலில் தலைமன்னார் மீனவர்களும், பெருநிலத்து வயல்காரரும், இந்தியா முகாம்களில் இருந்து வந்து இன்னும் பெட்டி அவிழ்க்காத குடும்பங்களும் ஒன்றாகக் குந்தியிருப்பார்கள்.

அப்படி வந்தவர்தான் சிவமலர். கூட வந்த மகன் கஜனுக்கு ஒன்பது வயது இருக்கும், வலது காலைக் கெந்திக் கெந்தி நடந்தான். எக்ஸ்ரே உறையை அந்தத் தாய் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். நான் கையை நீட்டினேன், தரவில்லை.

"தாறன் டொக்டர். அதுக்கு முதல் ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"ஒரே படத்தை ரெண்டு டொக்டர்மார் பாத்தா ரெண்டு விதமாத் தெரியுமோ?"

கதை இதுதான். இந்தியாவில் இருக்கும்போது, எட்டு வயது முடிந்த கையோடு, பெடியன் முழங்கால் நோகிறது என்று சொல்லியிருக்கிறான்; இந்த இடுப்பு வருத்தம் பல நேரம் முழங்காலில்தான் நோகும். முழங்காலுக்கு எண்ணெயும் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வந்த பிறகுதான் இடுப்பைப் படம் பிடித்தார்கள். ஒரு ஆசுபத்திரியில் ஒரு நிபுணர் பார்த்து, உடனே வெட்டவேண்டும் என்றார். திகதிக்குக் காத்திருந்தபோது, சிவமலர் பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு நிபுணரிடமும் அதே படத்தைக் காட்டினார். அவர், வெட்டிப் பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்றார்.

"ஒருத்தர் வெட்டச் சொல்லுறார், ஒருத்தர் வேண்டாம் எண்டுறார். நீங்கள் மூண்டாவதா என்னத்தைச் சொல்லப் போறியள் டொக்டர்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. உறையை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஆசுபத்திரி ஒட்டிய துண்டில் ஊர் உப்புக்குளம். மற்ற ஆசுபத்திரித் துண்டில் மருதங்குளம். ஒன்று மன்னார் நகரத்துக்குள், மற்றது பெருநிலத்தில் காட்டோரம், பஸ்ஸும் போகாத வயல் ஊர். என் சந்தேகம் உடனே அந்தத் தாயின்மேல் பாய்ந்தது. அந்த நாளில் நிவாரணத்துக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் இரண்டு விலாசம் கொடுப்பவர்கள் இருந்தார்கள் என்று எல்லோரும் கதைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக் கொதித்தேன்.

"உங்களுக்கு எத்தினை ஊர்? ஆசுபத்திரிக்குமா பொய் சொல்லுறியள்?"

அவர் அழவில்லை. கோபமும் படவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"பொய் சொல்லேல்லை டொக்டர். எங்கட காணி மருதங்குளத்தில. கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் சிவப்புத் தடி நட்டு வைச்சிருக்கினம், உள்ளுக்க போகேலாது. படுக்கிறது உப்புக்குளத்தில, தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில. முதல் ஆசுபத்திரியில படுக்கிற இடத்தைச் சொன்னன். பேந்து ஊர் அலுவல் பாக்கிற விதானையார் சொன்னவர், எங்க கேட்டாலும் சொந்த ஊரைச் சொல்லுங்கோ, இல்லாட்டி காணிப் பட்டியலில பேர் வெட்டுப்படும் எண்டு. ரெண்டாவது இடத்தில ஊரைச் சொன்னன். இப்ப நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் எவடம் எண்டு."

படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு கிழமையில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பெடியனின் பந்து அதுவரை காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். நாள் போகப் போக அது நசிந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த இரண்டு நிபுணர்களும் என் கூட்டாளிகள். ஒருவர் நல்ல உயரம், நெட்டையர் என்போம். மற்றவருக்குப் பெரிய மீசை. இருவருக்கும் தொலைபேசி எடுத்தேன். பெடியனின் பெயரைச் சொன்னதும் நெட்டையர், "எவடத்துப் பெடியன்?" என்று கேட்டார். உப்புக்குளம் என்றேன். "ஓ, அது ரெண்டாம் வகுப்பு ஐசே, வெட்டவேணும்" என்றார். மீசைக்காரரும் அதே கேள்விதான் கேட்டார். மருதங்குளம் என்றேன். "அது மூண்டு. என்னத்தை வெட்டுறது?" என்றார். இருவரும் எவடம் என்று கேட்டது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. நாங்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதானே. கல்யாண வீட்டில் பக்கத்துப் பந்தியில் இருப்பவரிடம் கேட்பதும் அதுதான்.

எனக்கு வேறு சந்தேகம். நெட்டையர் பின்னேரங்களில் தனியாருக்கும் வெட்டுகிற ஆள், ஆகவே கத்தி தூக்க இடம் தேடுகிறார் என்று நினைத்தேன். மீசைக்காரர் நீண்ட சத்திரசிகிச்சை என்றால் சோம்பிப் பஞ்சிப்படுகிற ஆள், ஆகவே கழற்றிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டில் மனைவிக்கு இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். இருவரையும் கையும் மெய்யுமாகப் பிடிக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் மூவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தில் ஒருநாள் கூடி, சிக்கலான படங்களைப் பார்ப்போம். வெளிச்சப் பெட்டியில் படத்தைப் போடுபவர் முதலில் பெயர், வயது, ஊர் சொல்லவேண்டும். அந்தக் கிழமையே கூட்டம் வந்தது, படம் நான் கொண்டுபோனேன். அவர்கள் முன்னேற்பாடாக இருக்கக் கூடாது என்று கஜனின் படத்து மூலையில் இருந்த பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வேறு பெயர் சொன்னேன். ஊர் கேட்டார்கள். அந்தப் பிள்ளை படுத்தெழும்புகிற இடத்தைச் சொன்னேன், உப்புக்குளம்.

மீசைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ரெண்டு," என்றார். "தாராளமா வெட்டலாம்."

"ஐசே, முந்தி இதை மூண்டு எண்டனீர்."

"இதையோ? சும்மா விடும் காணும். அது மருதங்குளத்துப் பெடியன்."

"அதே பெடியன். அதே படம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. பொய் சொல்லி அகப்பட்ட முகம் அல்ல அது. கையில் வைத்திருந்த சாமானைக் காணாமல் முழிக்கிற முகம். நெட்டையர் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

"சிரியாதையும். உம்மட படங்களையும் எடுப்பம்," என்றேன்.

அங்கேயே அலுமாரியைத் திறந்து, நாங்கள் முன்பு முடிவு சொன்ன பழைய இடுப்புப் படங்களை அள்ளினேன். உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, படத்து மூலையில் இருந்த பெயர்களுக்கு மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்த் துண்டுகளை ஒட்டினேன். முதல் படத்தை வெளிச்சத்தில் போட்டேன். இரண்டு பேரும் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசியில் நெட்டையர் கேட்டார், "ஆள் எவடம்?"

"சொல்லமாட்டன்."

"அதென்ன கதை? ஊர் தெரியாமல் என்னெண்டு சொல்லுறது?"

கேட்ட பிறகு அவருக்கே தன் குரல் கேட்டது. மீசைக்காரர் கதிரையில் இருந்துவிட்டார். எலும்பின் உயரத்தைச் சொல்ல ஊர் எதற்கு?

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாங்கள் முன்பு சொன்னதும் அன்றைக்குச் சொன்னதும் பல இடத்தில் ஒத்துவரவில்லை. கண் தவறும், அதில் ஆச்சரியமில்லை. சும்மா தவறியிருந்தால் சில படம் கூடவும் சில படம் குறையவும் போயிருக்கவேண்டும். பிளாஸ்டரைக் கழற்றி, உறையில் இருந்த ஊரோடும் பழைய முடிவோடும் ஒப்பிட்டபோது அப்படி இருக்கவில்லை. தூரத்து ஊர்ப் பிள்ளைகளின் எலும்புதான் முன்பு எங்கள் வாயில் உயரம் குறைந்திருந்தது. நகரத்துப் பிள்ளைகளின் எலும்பு நிமிர்ந்து நின்றது. நெட்டையருக்கும் அப்படித்தான். என்னுடையதைக் கேட்பீர்கள், நானும் அதே கூட்டம்தான்.

பெரிய மோசடி ஒன்றைப் பிடிக்கப் போனவன் நான். ஒருவரும் களவு செய்யவில்லை, அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. மீசைக்காரர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

"நான் பாவம் பாத்தனான் ஐசே. வெட்டினா இடுப்பில இருந்து கால்வரைக்கும் பிளாஸ்டர் கட்டு. அந்தத் தாய் அவனைத் தறப்பாள் சீலைக் கொட்டிலுக்க வைச்சு என்னெண்டு பாப்பா? தண்ணி இல்லை, கக்கூஸ் இல்லை, பஸ் இல்லை. ஊரைச் சொன்ன உடன அதெல்லாம் கண்ணுக்க வந்திட்டுது. மூண்டாம் வகுப்பா இருந்தாப் போதும், வெட்டத் தேவையில்லை எண்டு மனம் கேட்டிருக்கு. கண் அதைக் கண்டிட்டுது."

களவென்றால் எனக்குப் பிடிக்கத் தெரியும். இரக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எலும்பை அரிந்ததை நான் எப்படிப் பிடிப்பது? அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கெட்டவனைச் சந்தேகப்பட ஒரு பெரிய படிப்பும் தேவையில்லை. உங்கள் நல்ல மனத்தைச் சந்தேகப்படப் பழகுங்கள். ஊரைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கேளுங்கள், தண்ணி இருக்கா, பஸ் இருக்கா என்றும் கேளுங்கள். வெட்டுவதா விடுவதா என்று முடிவெடுக்க அதெல்லாம் வேண்டும். ஆனால் எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வாயால் சொல்லி முடித்த பிறகு கேளுங்கள். ஒழுங்கு மாறினால் படம் மாறிவிடும்.

கஜனைத் திரும்பக் கூப்பிட்டு, நேராகப் படுக்கவைத்துப் புதுப் படம் எடுத்தோம். மூவரும் தனித்தனியாகப் பார்த்தோம், ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. மூன்று பேரும் ஒன்றையே சொன்னோம். சரியாகப் பாதி. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், எல்லைக் கல்லின் மேலேயே அந்தப் பிள்ளை நின்றான். வெட்டினால் பலன் இருக்கலாம், உறுதி சொல்ல ஏலாது. சுணங்கினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

சிவமலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப ஊரைப் பாத்தோ டொக்டர் என்ர பிள்ளையின்ர எலும்பைப் பாத்தனீங்கள்?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல?

"முகாமில எத்தினையாம் நம்பர் கொட்டில் எண்டு கேட்டுத்தான் எல்லாம் நடக்கும். சொந்த நாட்டுக்கு வந்தா அது இராது எண்டு நினைச்சன்." மகனின் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இப்ப சொல்லுறதை மட்டும் நான் என்னெண்டு நம்புறது?"

"நம்பாதையுங்கோ. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. தெரிஞ்சதைச் சொல்லுறன், தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறன்."

கேட்டார். பிளாஸ்டர் எத்தனை நாள், மூத்திரம் போக என்ன செய்வது, புண் வந்தால் எப்படித் தெரியும், வெட்டாமல் விட்டால் பெடியன் என்ன வேலை செய்வான். ஒன்றையும் விடவில்லை. கடைசியாகக் கேட்டது இது. "வெடி எடுத்துக் காணியை விட்டால் நாங்கள் போய்க் குந்தத்தான் வேணும், இல்லாட்டி ஆரும் பிடிச்சிடுவினம். பிளாஸ்டரோட அவன் மருதங்குளத்தில இருந்தா நீங்கள் ஆரும் வருவியளோ?"

நான் வாய் திறக்க முன், மூலையில் நின்ற மீசைக்காரர் சொன்னார், "நான் வாறன் அம்மா. நான்தான் வெட்டப் போறன், நான்தான் வருவன்."

சிவமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு என்று சொன்னவர் இவர்தான் என்று அவருக்குத் தெரியும். "சரி," என்றார். "வெட்டுங்கோ."

வெட்டினார்கள். நாங்கள் பயந்தது போலவே, பிளாஸ்டர் கழற்ற முன்பே கண்ணிவெடி எடுத்து முடித்துக் காணியைத் திருப்பிக் கொடுத்தார்கள், குடும்பம் மருதங்குளத்துக்குப் போனது. மீசைக்காரர் சொன்னபடி போனார். பஸ் நிற்கிற சந்தியில் இறங்கி, யாரோ ஒரு வயல் கமக்காரரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியிருக்கிறார். திரும்பி வந்தபோது மீசை முழுவதும் செம்மண். "ரெண்டு தரம் பெட்டியில இருந்து விழப் பாத்தனான் ஐசே" என்று எனக்குத்தான் ஏசினார். பிளாஸ்டர் எப்படி என்று கேட்டேன். "மனுசி என்ர நேர்ஸ்மாரைவிடச் சுத்தமா வைச்சிருக்கு. தறப்பாள் கொட்டிலுக்கதான். நான் பாவம் பாக்கத் தேவையே இருக்கேல்லை."

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஊர் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினோம். சுலபமாக நிற்கவில்லை. நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஒருவர் தவறிக் கேட்டால் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து அதட்டுவோம். இன்றைக்கு உங்கள் திரையில் படத்தோடு பெயரும் விலாசமும் பெரிய எழுத்தில் வந்து நிற்கின்றன. எங்களுக்கு ஒரு துண்டு பிளாஸ்டர் போதுமாக இருந்தது, நீங்கள் ஏதாவது வழி கண்டுபிடியுங்கள்.

சில வருடம் கழித்து, நான் ஓய்வு பெறப்போகிற நாட்களில், மன்னார்க் கிளினிக்கில் என் கதிரையில் புதிதாக வந்த இளம் வைத்தியர் இருந்தார். நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். சிவமலர் உள்ளே வந்தார். பின்னால் கஜன், என் தோளுக்கு வளர்ந்திருந்தான். நடையில் ஒரு சின்ன இழுப்பு, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். புதுப் படத்தின் உறையை அந்தத் தாய் பழையபடி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

இளம் வைத்தியர் பேனையை எடுத்தார். "எவடம் அம்மா?"

"படத்தைப் பாருங்கோ தம்பி. எவடம் எண்டு பேந்து சொல்லுறன்."

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். உறையில் ஊர் எழுதியிருந்த இடத்தைச் சிவமலர் பெருவிரலால் மூடிக்கொண்டு, படத்தை மட்டும் உருவி நீட்டினார். இளம் வைத்தியர் வெளிச்சத்தில் போட்டு வெகு நேரம் பார்த்தார்.

"முழு உருண்டை எண்டு சொல்ல ஏலாது," என்றார். "ஆனா கிண்ணத்துக்க நல்லாப் பொருந்தி வளந்திருக்கு. நடக்கலாம், வயல் வேலை செய்யலாம். ஓடவும் ஓடலாம்."

"வடிவாப் பாத்தியளோ?"

அவர் திரும்பவும் பார்த்தார். "ஓம் அம்மா. வடிவாப் பாத்தனான்."

சிவமலர் பெருவிரலை எடுத்தார்.

"மருதங்குளம்," என்றார். "இப்ப எழுதுங்கோ."